ஹோம் தியேட்டர் தானாக அமந்து போகிறதா? ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செட் அமந்து (அணைந்து) போனால், பார்க்க வருகிறவர் முதலில் சொல்வது "ஐசி போயிருக்கும்" என்பதுதான். சத்தத்தைப் பெருக்கும் அந்தச் சில்லு பல நேரம் போயிருக்காது. ஐசி போன செட் ஆன் செய்த சில வினாடிகளிலேயே அணையும், இல்லையென்றால் ஃபியூஸை அடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். அரை மணி நேரம் ஒழுங்காகப் பாடிவிட்டு அணைகிற செட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும்: ஸ்பீக்கர் வயரில், அலமாரிச் சூட்டில், கரண்டில், அல்லது மெனுவில் யாரோ மாற்றி வைத்த ஒரு செட்டிங்கில்.

ஆகவே முதல் வேலை, செட் எப்போது அணைகிறது என்று இரண்டு நாள் கவனித்துத் தாளில் குறித்து வைப்பது. ஆன் செய்து எத்தனை நிமிடம் கழித்து அணைந்தது? அப்போது வால்யூம் எவ்வளவு? பாஸ் அடிக்கும் இடத்திலா, வசனம் போகும்போதா? மணி என்ன? வீட்டில் அந்த நேரம் மோட்டாரோ கிரைண்டரோ ஓடியதா? அணையும்போது உள்ளே ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன சுவிட்ச்) 'டக்' என்று விழுந்ததா? இன்னொன்றையும் மறக்காமல் பார்க்க வேண்டும். முகப்பு விளக்கு உட்பட எல்லாமே அணைந்ததா, விளக்கு எரிய சத்தம் மட்டும் போனதா? இந்த இரண்டும் வேறு வேறு நோய்.

உங்களிடம் இருப்பது எந்த வகைச் செட் என்பதும் தெரிய வேண்டும். கம்பெனி செட்டின் பின்பக்க ஸ்டிக்கரில் "100–240 வோல்ட்" என்று இருந்தால் உள்ளே இருப்பது எஸ்எம்பிஎஸ், அதாவது கனமான டிரான்ஸ்பார்மர் இல்லாத எலக்ட்ரானிக் பவர் சப்ளை. கரண்ட் குறைவதும் ஏறுவதும் அதை எளிதில் பாதிக்காது. கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய 5.1 பெட்டிகளில் பெரும்பாலும் கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும். 12-0-12, 24-0-24 என்று கேட்டு வாங்குவார்களே, அந்த வகை. அதற்கு வோல்டேஜ் இறங்கினால் எல்லாம் இறங்கும்.

கோளாறே இல்லாத காரணங்கள்

சரியாக 15 அல்லது 20 நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே கணக்கில் அணைந்தால் அது ஆட்டோ ஸ்டாண்ட்பை. சிக்னல் வரவில்லை என்று செட் நினைத்தால் மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தானே உறங்கிவிடும். பாட்டு ஓடும்போதே இப்படி நடப்பதும் உண்டு. டிவியில் வால்யூமைக் குறைத்து வைத்து செட்டில் ஏற்றி வைத்திருந்தால், உள்ளே வரும் சிக்னல் மிகவும் சன்னமாக இருக்கும். செட் அதைச் சத்தமாகவே எடுத்துக்கொள்ளாது. ஹெட்போன் ஜாக்கிலிருந்து வயர் எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். டிவி வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றிவிட்டு, செட்டின் வால்யூமால் கட்டுப்படுத்துங்கள். மெனுவில் 'ஆட்டோ பவர் ஆஃப்', 'ஈகோ', 'ஸ்லீப்' என்ற பெயர்களில் இருப்பதையும் அணைத்துவிடுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்திருந்தால் டிவியும் செட்டும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும். அதன் பொதுப்பெயர் சிஇசி. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்பிளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று இருக்கும். டிவி அணைந்தால் செட்டும் அணையும். சில இடங்களில் செட்டாப் பாக்ஸுக்கு மாற்றினால்கூட அணையும். சோதிக்க எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு, பென் டிரைவிலோ புளூடூத்திலோ ஒரு மணி நேரம் பாடவிடுங்கள். அணையாவிட்டால் டிவி மெனுவில் சிஇசியை நிறுத்தினால் போதும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஏஆர்சி வழியாக (டிவியின் சத்தம் அதே எச்டிஎம்ஐ கேபிளில் செட்டுக்கு வரும் முறை) சத்தம் வாங்குகிறவர்களுக்கு, சிஇசியை நிறுத்தினால் சில டிவிகளில் சத்தமும் நின்றுவிடும். அவர்கள் ஆப்டிகல் கேபிளுக்கு மாற வேண்டியிருக்கும்.

ரிமோட்டின் பவர் பட்டன் அமுங்கியபடி சிக்கிக்கொள்வதும் உண்டு. பேட்டரியைக் கழற்றி வைத்துப் பாருங்கள்.

கரண்ட்

சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் அணைகிறது, பகலில் அணைவதில்லை என்றால் வோல்டேஜை அளக்க வேண்டும். நம் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ராதாபுரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கம் கிணற்றுப் பாசன ஊர்களிலும், டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளிலும் இதை முதலிலேயே பார்ப்பது நல்லது.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கறுப்பு வயர் 'காம்' துளையில், சிவப்பு வயர் வோல்ட்-ஓம் துளையில். 10 ஆம்பியர் துளையில் சிவப்பு வயரைச் செருகிக்கொண்டு பிளக் பாயிண்டைத் தொட்டால் நேராக ஷார்ட், மீட்டர் வெடிக்கும். குமிழை ஏசி 750 அல்லது 600 வோல்ட்டில் வைத்து, செட் ஓடும்போதே பக்கத்துத் துளையில் அளவு எடுங்கள். நம் கரண்ட் 230 வோல்ட். 210-லிருந்து 250 வரை கவலை இல்லை. 190-க்குக் கீழே போனால் டிரான்ஸ்பார்மர் செட் தடுமாறும்.

ஏன் தடுமாறுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. யூஎஸ்பி போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் 7812 ரெகுலேட்டர் (வோல்டேஜை 12-இல் நிலையாக நிறுத்தும் ஐசி), 12 வோல்ட் வெளியே தர வேண்டுமானால் அதற்கு உள்ளே 14.5 வோல்ட்டாவது வர வேண்டும். 230 இருக்கையில் டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் வைண்டிங்கிலிருந்து, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் தாண்டி ஏறத்தாழ 15.5 வோல்ட் டிசி கிடைக்கும். 190-இல் அது 12.6 ஆகிவிடும். அந்த நிலையில் ஒரு பாஸ் அடி விழுந்தால் போர்டு ரீசெட் ஆகிறது. அடையாளம் எளிது: பென் டிரைவில் ஓடிய பாட்டு அறுந்து, மறுபடி முதல் பாட்டிலிருந்து தொடங்கும். ரிலேயும் படபடவென்று அடித்துக்கொள்ளும். இதற்கு மருந்து ஸ்டெபிலைசர். வாங்கும்போது எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று முகப்பில் போட்டிருப்பதைப் பார்த்து, உங்கள் வீட்டில் அளந்த குறைந்தபட்ச அளவைவிடக் கீழே இறங்குவதாக வாங்குங்கள்.

அளக்கும்போது 260, 270 என்று காட்டினால் உடனே எல்லா பிளக்கையும் உருவுங்கள். நியூட்ரல் லூஸாக இருக்கலாம். வீட்டிலா கம்பத்திலா என்று மின்வாரிய லைன்மேன் பார்த்துச் சரிசெய்யும்வரை டிவி, ஃப்ரிட்ஜ் எதையும் போட வேண்டாம்.

வோல்டேஜ் சரியாக இருந்தால் பிளக்கைப் பாருங்கள். பின் கறுத்திருக்கிறதா, பிளக்கை லேசாக ஆட்டினால் செட் அணைகிறதா? உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பித்தளைப் பின்னில் பச்சை பூக்கச் செய்யும். உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தால் பின் சரியாகும். சாக்கெட்டின் உட்பக்கம் தளர்ந்திருந்தால் சாக்கெட்டையே மாற்றுங்கள். செட்டை ஃப்ரிட்ஜ் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாமல் சுவர் பாயிண்டில் நேராகப் போடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் இடைவெளியில் செட் அணைவது இயல்புதான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மர் செட்டை அதிக நேரம் ஓட்டாதீர்கள். டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும்.

ஸ்பீக்கர் வயர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வால்யூம் ஏற்றும்போது அணைகிறது, திரையில் 'புரொடெக்ட்' (செட் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது என்ற அறிவிப்பு) என்று வருகிறது, யமஹா ரிசீவரில் 'செக் எஸ்பி வயர்ஸ்' என்று வருகிறது, டெனான் ரிசீவரில் சிவப்பு விளக்கு அரை வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர் பக்கம். டெனானில் அதே விளக்கு 2 வினாடிக்கு ஒருமுறை மின்னினால் சூடு என்று பொருள்.

செய்முறை இது. செட்டை அணைத்து, பிளக்கை உருவுங்கள். சப்வூஃபர் உட்பட எல்லா ஸ்பீக்கர் வயரையும் பின்னாலிருந்து கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று முன்னதாக போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்பீக்கரே இல்லாமல் ஆன் செய்து, வால்யூமைப் பாதியில் வைத்து, வழக்கமாக அணையும் நேரம் தாண்டும்வரை விட்டுவிடுங்கள். அப்போதும் உடனே அணைந்தால் கோளாறு பெட்டிக்குள்ளேதான். அணையவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எதை மாட்டியதும் அணைகிறதோ, அந்த ஸ்பீக்கரோ அதன் வயரோதான் காரணம். அதே வயரில் வேறு ஸ்பீக்கரை மாட்டினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வயரில் அதிகம் நடப்பது, பின்னால் கிளிப்பில் செருகும் இடத்தில் ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துக் கிளிப்பைத் தொடுவது. கண்ணுக்கு எளிதில் தெரியாது. நுனியை 1 சென்டிமீட்டருக்கு மேல் சீவாதீர்கள். இழைகளை இறுக முறுக்கி, முடிந்தால் ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள். அடுத்தது, வயர் கதவிடுக்கில் நசுங்கியிருப்பது. இன்னொன்று, ஓட்டுக்கூரையிலோ பரணிலோ போகும் வயரை எலி கடித்திருப்பது. சோதிக்க இரண்டு முனையையும் எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டு, மீட்டரை 200 ஓம்மில் வைத்து இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்து பாருங்கள். '1' அல்லது 'ஓஎல்' காட்ட வேண்டும். ஏதாவது எண் காட்டினால் வயருக்குள் ஷார்ட்.

ஸ்பீக்கரையும் அப்படியே அளக்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6-லிருந்து 7.5 வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3-லிருந்து 3.8 வரை. குறைவாகக் காட்டுவது கோளாறல்ல, மீட்டர் அளப்பது டிசி எதிர்ப்பை. ஆனால் 1 ஓம், 2 ஓம் என்று காட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகி ஒட்டிவிட்டது. மீட்டரை வைத்தபடியே கோனின் இருபக்கமும் விரல் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினாலோ, எண் திடீரென்று குதித்தாலோ, மெதுவாகப் பாடும்போது நன்றாக இருந்து பாஸ் ஏறும்போது அணைவதன் ரகசியம் அதுதான்.

இனி ஓம் கணக்கு. செட்டோடு வந்த சின்ன ஸ்பீக்கருக்குப் பதில், ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் பெட்டி செய்து 12 அங்குல வூஃபர் மாட்டுவது நம் பக்கம் வழக்கம். நல்ல சத்தம் தரும், தப்பில்லை. ஆனால் செட்டின் பின்னால் 'குறைந்தது 6 ஓம்' என்று போட்டிருந்தால் 4 ஓம் வூஃபரை மாட்டக் கூடாது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம், இரண்டு 4 ஓம்மைச் சேர்த்தால் 2 ஓம். ஓம் பாதியானால் செட் தள்ள வேண்டிய கரண்ட் இரண்டு மடங்கு. அதைத் தாங்க மாட்டாமல்தான் புரொடெக்ஷன் விழுகிறது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்தான் கையில் இருக்கிறது என்றால் தொடர் இணைப்பில் கொடுங்கள், 8 ஓம் ஆகிவிடும்.

வயர் மிச்சம் பிடிக்க எல்லா ஸ்பீக்கருக்கும் மைனஸை ஒரே கம்பியில் பொதுவாக ஓட்டுகிறவர்கள் உண்டு. பழைய டிரான்ஸ்பார்மர் செட்டில் இது பல நேரம் ஓடிவிடும். புதிய கம்பெனி செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனையும் எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு மைனஸைச் சேர்த்தால் இரண்டு சேனலும் மோதி உடனே 'புரொடெக்ட்' வரும், கெட்ட நேரமாக இருந்தால் ஐசியும் போகும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி இரட்டை வயர் போடுங்கள். கடையில் கேட்கும் அளவு (முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது இழையின் கேஜ்): சின்ன ஸ்பீக்கருக்கு 23/36, சப்வூஃபருக்கு 40/36. மெலிந்த 14/36 வயரை 5 மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

சூடு

அரை மணி, ஒரு மணி நேரம் பாடி, அணைந்து, கால் மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி பாடுகிறது. இரண்டாம் முறை இன்னும் சீக்கிரம் அணைகிறது. இப்படி இருந்தால் சூடு. விளக்கு எரிய, சத்தம் மட்டும் போய்த் தானே திரும்பி வந்தாலும் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிடிஏ 7294 போன்ற ஐசிகளில் உள்ளேயே வெப்பக் காவல் இருக்கிறது. 145 டிகிரியில் ஐசி தன் வாயை மூடிக்கொள்ளும், ஆறியதும் பாடும்.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் செட்டை வைத்தால் அது தப்பிக்க வழியில்லை. மேலே செட்டாப் பாக்ஸ், அதன் மேல் எம்பிராய்டரி துணி என்று அடுக்கியிருந்தால் இன்னும் மோசம். செட்டின் மேல் எதுவும் வேண்டாம். மேலே 15 சென்டிமீட்டர், பக்கவாட்டிலும் பின்னாலும் 10 சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். ஷோகேஸின் பின்பலகையில் கை நுழையும் அளவு ஒரு துளை போடுவதும், கதவைத் திறந்து வைத்துக் கேட்பதும் செலவில்லாத வைத்தியம். மேஜை ஃபேனைச் செட்டின் மேல் திருப்பி வைத்துக் கேட்டுப் பாருங்கள். அணையவில்லை என்றால் சூடுதான், சந்தேகமில்லை.

பின்னால் சின்ன ஃபேன் உள்ள செட்டில் அது சுற்றுகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் சூடான பிறகுதான் சுற்றத் தொடங்கும். பிளக்கை உருவிய பின் குச்சியால் தள்ளினால் இலகுவாகச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் அதே அளவு, அதே வோல்ட் ஃபேனை மாற்றிவிடுங்கள். ஃபேன் இல்லாத அசெம்பிள் செட்டில் 8 சென்டிமீட்டர் 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சத்தமில்லாமல் வேலை செய்யும். காற்று ஹீட்சிங்கை (ஐசியின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடு) தொட்டுப் போக வேண்டும், மூடியை அல்ல.

பாஸ் பூஸ்ட்டை முழுக்க ஏற்றி வைப்பதும் சூட்டைக் கூட்டும். கீழ்ச் சுருதிக்குத்தான் அதிக கரண்ட் போகிறது. அதைப் பாதிக்கு இறக்கி, பெட்டியைச் சுவர் மூலைக்குத் தள்ளினால் காதுக்கு அதே பாஸ் கிடைக்கும்.

பல்லியும் எறும்பும்

செட் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே இருட்டு. பல்லிக்கு வேறென்ன வேண்டும்? அது போர்டின் மேல் இரண்டு புள்ளியைத் தொட்டால் அங்கேயே கருகி, ஷார்ட்டாகவே கிடக்கும். எறும்பு ரிலேயின் முனைகளுக்கு நடுவே போய்ச் சிக்கும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஈரமும் இதோடு சேரும். தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கரண்டைக் கசியவிடும். அந்த மாதங்களில் செட்டைத் தினம் சிறிது நேரம் ஓட்டுவது ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். காற்றுத் துளைகளின் உட்பக்கம் நைலான் கொசுவலை ஒட்டலாம். தூசி அடைந்தால் காற்று நிற்கும் என்பதால் மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்.

மூடியைத் திறப்பவர்களுக்கு மட்டும்

எஸ்எம்பிஎஸ் செட்டைப் புதியவர்கள் திறக்க வேண்டாம். அதன் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது சில நேரம் இறங்காமல் இருக்கும், உயிருக்கே ஆபத்து. டிரான்ஸ்பார்மர் செட்டிலும் பிளக்கை உருவி, 10 நிமிடம் காத்திருந்து, கெப்பாசிட்டர் முனைகளை டிசி வோல்ட்டில் அளந்து, பூஜ்யத்தை ஒட்டி இறங்கிய பிறகே கை வையுங்கள்.

முதலில் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். கருகல் வாடை, கறுத்த இடம், தலை உப்பிய கெப்பாசிட்டர். உப்பியதை மாற்றும்போது அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. 85 டிகிரி வகை நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். ஐசியும் டிரான்சிஸ்டரும் ஹீட்சிங்கில் இறுக இருக்கின்றனவா, நடுவே மைக்கா தாள் கிழியாமல் இருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டதா என்று பாருங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் புதியது வைத்தால் சூட்டில் அணையும் பல செட்டுகள் அத்தோடு சரியாகும்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர்தான் போட வேண்டும். கம்பி இழையைச் சுற்றிப் போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்பார்மர். புது ஃபியூஸ் போட்டு நேராகச் செருகாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் இல்லாமலே புரொடெக்ஷன் விழுகிறது என்றால் ஆம்ப் வெளியீட்டில் டிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிலேக்கு முன்னால், ஒரு சேனலின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே, டிசி 200 வோல்ட்டில் தொடங்கி படிப்படியாகக் கீழே இறங்கி அளவு எடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அந்தச் சேனல் நலம். 20, 30 வோல்ட் என்று காட்டினால் அந்தச் சேனலின் ஐசியோ டிரான்சிஸ்டரோ போய்விட்டது.

இந்த இடத்தில் சிலர் செய்யும் ஒரு வேலையை வன்மையாகத் தடுக்க வேண்டும்: புரொடெக்ஷன் ரிலேயின் முனைகளைக் கம்பியால் சேர்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று கொடுப்பது. அந்த 30 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். சில வினாடிகளில் காயில் சிவந்து, கோன் பற்றி எரியவும் கூடும். வீட்டில் குழந்தைகள் தூங்கும் அறையில் அந்தப் பெட்டி இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

நீங்கள் எழுதி வைத்த தாளைக் கொடுங்கள். "ஸ்பீக்கர் இல்லாமலும் 3 வினாடியில் அணைகிறது" என்ற ஒரு வரி அவருக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். செட்டோடு ரிமோட்டையும், சந்தேகப்படும் ஸ்பீக்கரையும் கொண்டுபோங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் போலிகள் நிறைய உலவுகின்றன. மலிவாகப் போட்டது ஒரு வாரத்தில் திரும்பப் போனால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். போன ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த செட்டை அன்றே முழு வால்யூமில் வைக்காதீர்கள். முதல் நாள் ஒரே ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, கால் பங்கு வால்யூமில் ஒரு மணி நேரம் ஓடட்டும். ஹீட்சிங்க் பக்கத்து மூடியின் மேல் கை வைத்து, பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மறுநாள் மற்ற ஸ்பீக்கர்களை மாட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கத் தொடங்கியதும் பவர் பிளக்கோடு கேபிள் டிவி வயரையும் உருவிவிடுங்கள். மின்னல் அந்த வயர் வழியாக டிவிக்கு வந்து, எச்டிஎம்ஐ வழியாகச் செட்டுக்குள்ளும் இறங்கும்.